கிளட்சை விட்டவன்

“லிவரை எடுத்துட்டுத்தான் கிளட்சை விட்டேன்னு இவன் சொல்றான். அது நெசமா, பொய்யா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

திருவண்ணாமலை அவலூர்பேட்டை ரோட்டில் இருந்த தன் ஒர்க் ஷாப் வாசலில் நின்ற அம்மாளை மெக்கானிக் தசரதன் நிமிர்ந்து பார்த்தார். வெறும் நெற்றி, வெயிலில் கறுத்த முகம். பெயர் மணியம்மாள் என்றாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றவன் வேடியப்பன். அந்த ஊர் அப்பாசாமியின் டிராக்டருக்கு அவன்தான் டிரைவர்.

விஷயம் தசரதனுக்குத் தெரியும். டிராக்டரின் பின்பக்கம் ஒரு ராடு சுற்றும். அதில் பூட்டித்தான் நெல்லடிக்கும் மிஷினை ஓட்டுவார்கள். அதற்குப் பெயர் பி.டி.ஓ. ஆனால் ஊர்ப்பக்கம் பி.டி.ஓ. என்றால் யூனியன் ஆபீஸ் அதிகாரி என்பதால், எல்லோருக்கும் அது பின் ராடுதான். அந்த ராடில் சுற்றிக்கொண்ட வைக்கோலைப் பிடுங்கக் குனிந்த சடையன் என்ற ஆளை, அது மேல்துண்டோடு சேர்த்து இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ராடை நிறுத்தும் லிவரை எடுக்காமலே டிரைவர் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டான் என்று ஊரே சொன்னது. அப்பாசாமியும் அதையேதான் சொன்னார். வண்டியில் ஒரு குறையும் இல்லை, எண்ணெய் மாற்றி வைத்தால் போதும் என்று டிராக்டரை இங்கே விட்டுப் போயிருந்தார்.

அவர் வெகுகால வாடிக்கைக்காரர். அவர் சொல்லாத வேலையில் கைவைக்கத் தசரதனுக்குத் தயக்கமாக இருந்தது. மறுநாள் ஊரில் பஞ்சாயத்து என்றாள் மணியம்மாள். தப்பு வேடியப்பனுடையது என்று முடிவாகிவிட்டால் அவன் அந்த ஊரில் இருக்க முடியாதாம். இப்போதே அவன் சோற்றைத் தொடுவதில்லையாம். அவள் குரலில் கெஞ்சல் இல்லை. ஆனால் பதில் வராமல் நகரமாட்டாள் என்று தெரிந்தது.

பெற்ற வயிறு, வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தசரதன் வண்டியில் ஏறினார்.

எமர்ஜென்சிக்கு முந்தி வாங்கிய வண்டி. எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை மிதித்து, லிவரை எடுத்தார். காலை விட்டார். பின் ராடு அசையவில்லை. எஞ்சினை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தார். லிவரைக் கையால் ஆட்டிப் பார்த்தார். கொஞ்சம் ஆட்டம் இருந்தது. பழைய வண்டிக்கு அது சகஜம். திரும்பத் திரும்பச் செய்தும் ராடு நின்றது நின்றபடியே இருந்தது.

எஞ்சினை நிறுத்தினார். வண்டியில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மணியம்மாள் திரும்பி வேடியப்பனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை. லிவரை எடுத்தேன் என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னான்.

தசரதன் கையைத் துடைத்துக்கொண்டார். அவள் போகவில்லை. டிராக்டரைச் சுற்றி வந்து முன் சக்கரத்தின் பக்கத்தில் நின்றாள். சொல்லலாமா, வேண்டாமா என்று அவள் யோசிப்பதுபோல் தெரிந்தது.

“அன்னைக்கு வண்டி இப்பிடி சமமா நிக்கலீங்க,” என்றாள் கடைசியில். “முன் சக்கரம் ரெண்டும் களத்து மேட்டு மேல ஏறி நின்னுச்சு. பின்பக்கம் தாழ்வா இருந்துச்சு. நான் அங்கதான் வைக்கோல் வாரிக்கிட்டு இருந்தேன்.”

தசரதன் கட்டைகளைப் போட்டு முன் சக்கரங்களை மேலே ஏற்றினார். மறுபடி எஞ்சினைக் கிளப்பினார். கிளட்சை மிதித்து, லிவரை எடுத்தார். ஓர் ஆள் குனிந்து வைக்கோலைப் பிடுங்க ஆகும் நேரம்வரை கிளட்சை மிதித்தபடியே இருந்தார். வண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு காலை எடுத்தார்.

பின் ராடு ஒரு வெட்டு வெட்டிச் சுற்ற ஆரம்பித்தது. லிவர் எடுத்த இடத்திலேயே இருந்தது.

வண்டியை அணைத்துவிட்டுப் பக்கத்து மூடியைக் கழற்றினார். பல் சக்கரத்தைத் தள்ளும் கவை தேய்ந்துபோயிருந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் உடைந்து கிடந்தது. சமமான தரையில் பல் விலகியே நிற்கும். பின்பக்கம் சாய்ந்துவிட்டால், எஞ்சின் அதிர்வில் அது தானாக நகர்ந்து போய்க் கடித்துக்கொள்ளும். மேலே லிவரைப் பார்ப்பவனுக்கு அது தெரியவே தெரியாது.

இதையெல்லாம் மணியம்மாளுக்குப் புரியும்படி விளக்கினார். வேடியப்பன் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். அவள் அவன் பக்கம் போகவில்லை. அந்த ராடையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இதை நாளைக்குப் பஞ்சாயத்தில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

அப்பாசாமியின் முகம் தசரதனின் நினைவுக்கு வந்தது. இனி அவருடைய வண்டி எதுவும் இந்த வாசலுக்கு வராது. உடைந்த ஸ்பிரிங்கை எடுத்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“வந்து சொல்றேம்மா. கோளாறு வண்டியிலதான். உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்ல.”

“இவன் என் பையன் இல்லீங்க,” என்றாள் மணியம்மாள். “இந்த ராடு இழுத்துக்கிச்சே, சடையன், அவன்தான் எம் புள்ள.”