மெயின் சுவிட்ச்

"நீயெல்லாம் மனுஷனாய்யா?"

பெரிய டாக்டர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. ஆஸ்பத்திரியே அவருடையது.

மின் ஆய்வாளர் அசையவில்லை. "சட்டம் சார். மெயினை நிறுத்தி, ஜெனரேட்டர் தாங்குதான்னு பார்த்துத்தான் லைசென்ஸைப் புதுப்பிக்கணும்."

"போன தடவை வந்தவர் எட்ட நின்னு பார்த்தார், ஜில்லுனு ஒரு ஜூஸ் குடிச்சார், போயிட்டார். அவருக்குத் தெரியாத சட்டமா?"

"எனக்குச் சளி சார். ஜூஸ் ஒத்துக்காது."

உள்ளே ஒரு பெரியவர் மூச்சு மெஷினில் இருந்தார். அவர் மகள் ஓடிவந்து கும்பிட்டாள். "அண்ணே, உங்க சோதனைக்கு எங்கப்பாதான் கிடைச்சாரா?"

"கல்நெஞ்சக்காரன்!" என்றார் ஒருவர்.

"கவர்ன்மென்ட் உத்தியோகம்னா கொம்பு முளைச்சிடும்" என்றார் இன்னொருவர்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு நோயாளிங்க எல்லாம் பெத்த பிள்ளைங்க மாதிரிம்மா. இவருக்கு என்ன தெரியும்?"

ஆய்வாளர் மகளிடம் மட்டும் பேசினார். "தங்கச்சி, மெஷினுக்குள்ள பேட்டரி இருக்கு. இப்பதான் பார்த்தேன், நல்லாவே தாங்கும். நான் நிறுத்தறது ஒரே நிமிஷம். நர்ஸம்மா கைப் பம்போட அப்பா பக்கத்துலயே நிக்கிறாங்க. நிஜமா கரண்ட் போற அன்னைக்கு யாரும் இப்படிச் சொல்லிட்டு நிறுத்த மாட்டாங்கம்மா."

அவள் தயங்கினாள். பிறகு தலையாட்டினாள்.

சுவிட்ச் இறங்கியது. வார்டு இருண்டது. பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது.

"கேட்டீங்களா? சிங்கம்யா!" டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

சிங்கம் உறுமிக்கொண்டேதான் இருந்தது. வார்டில் ஒரு பல்புகூட எரியவில்லை. மூச்சு மெஷின் மட்டும் பேட்டரியில் பீப் பீப் என்று அலறியது.

ஆய்வாளர் சட்டென்று மெயினைப் போட்டார். வெளிச்சம் வந்தது. மகள் அப்பாவின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"ஜெனரேட்டர் ஓடுச்சே, கரண்ட் எங்கே சார் போச்சு?" என்றார் ஆய்வாளர்.

"அது... ஏதோ ஒயர் லூஸா இருக்கும். பழைய மெஷின் பாருங்க..."

சத்தம் கேட்டு, மாடி வீட்டிலிருந்து டாக்டரின் மனைவி படியிறங்கி வந்தார்.

"என்னங்க ஒரே கூச்சல்? கீழே கரண்ட் போச்சா? மேலே நம்ம வீட்டுல ஏசிகூட ஒரு நொடி நின்னு, உடனே ஓட ஆரம்பிச்சிடுச்சே!"