செருப்பும் பஸ் ரோடும்

மணியக்காரர் தெருவில் செருப்போடு நடந்ததற்காக அவரிடம் உதை வாங்கி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சேரிக்குத் திரும்பியவன் ஐசக்.

புதுசாக பஸ் ரோடு போடப் போகிறார்கள் என்றதும், அவரிடமே போய்க் கும்பிட்டான்.

"ரோடு உங்க தெரு வழியா வரணும், ஆண்டே. எங்க ஜனம் மொத்தமும் உங்க வாசல்லயே நின்னு பஸ் ஏறிக்கும்."

"ஒதச்சவனுக்கா ரோடு கேட்டுக்கினு வர்றே?" என்று, வீடு திரும்பியவனைப் பார்த்துக் காறித் துப்பினாள் அவன் பெண்டாட்டி சிட்டம்மாள்.

மணியக்காரர் அன்றைக்கே உத்திரமேரூர் ஆபீசுக்கு ஓடி, ரோட்டைச் சேரிப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்.

ஐப்பசி மழையில் வரப்பெல்லாம் சேறு. பஸ் பிடிக்கச் சேரிக்கு வந்த மணியக்காரரின் கையில் செருப்பு இரண்டும் தொங்கின.

"போட்டுக்குங்க, ஆண்டே" என்றான் ஐசக். "எங்க தெருவுல யாரும் ஒதைக்க மாட்டோம்."