கைக்குக் கொடுத்த மருந்து

பல நாள் மூடியிருந்த பனி விலகி, தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் ஜன்னல் வழியே வெயில் குழந்தையின் கன்னத்தில் விழுகிறது. லயத்து வீட்டு இருட்டில் தெரியாமல் போனதெல்லாம் தெரிகிறது. வெங்காயச் சருகாக மெலிந்த தோலுக்கடியில் நரம்புகள் செந்நூல் செந்நூலாக ஓடுகின்றன. பால் கொடுக்கக் கொழுந்து மலையிலிருந்து இறங்கிவந்த தாய் காளியாயி, முதுகுக் கூடையை இறக்க மறந்து நிற்கிறாள். "என்னத்தடி பூசுன?" என்கிறாள் பிள்ளை பார்க்கும் அம்மாக்கண்ணு. "என் கைப்படைக்கு டாக்டரய்யா குடுத்த டியூப்புதாங்க்கா. புள்ள கன்னத்துக் கரப்பான் ரெண்டே நாள்ல அமுங்கிருச்சு. நெறமும் வச்சுதேன்னு தெனம் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப பூசிவிட்டேன்." "கைக்குக் குடுத்தத பச்சப்புள்ள மூஞ்சியிலயா? தூக்கிட்டு ஓடு அவருகிட்ட!" காளியாயி முந்தானையால் அந்தக் கன்னத்தை மெல்ல ஒற்றுகிறாள். ஒற்றிய இடத்தில் ஊசிமுனையளவு இரத்தம் துளிர்க்கிறது. பசித்த குழந்தை, அவள் காலையில் மருந்து பூசிய அதே விரலைப் பற்றி, வழக்கம்போல வாய்க்குள் இழுக்கிறது.