புகை போகும்வரை

மலேசியாவில் கோப்பெங் பக்கத்திலிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துப் பல வருஷமாகிவிட்டது. இப்போது வெறும் புதர். கொசு பெருகுகிறதென்று நகராண்மைக் கழகம் தன் ஊழியர் பத்துமலையைப் புகை அடிக்க அனுப்பியது.

இயந்திரத்தைத் தோளில் மாட்டியதுமே, தாமான் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கத்திக் கத்திப் பழகிய வாய் தானாகக் கத்திவிட்டது.

"சோத்தையெல்லாம் மூடி வச்சிட்டு வெளிய வாங்க!"

யாரும் இல்லாத இடத்தில் என்ன கூப்பாடு என்று தன்னையே திட்டிக்கொண்டு, புதர் முழுக்க அடித்து முடித்தார்.

புகைக்குள்ளிருந்து ஜனங்கள் வந்தார்கள். பிள்ளைகளோடு, மூக்கைப் பொத்திக்கொண்டு சாலையோரம் நின்றார்கள். ஒருத்தியின் கையில் தட்டால் மூடிய சோற்றுப் பானை.

"எப்பண்ணே உள்ள போலாம்? பிள்ளைங்க பசியா இருக்குதுங்க."

எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவளிடமும் சொன்னார். "புகை போனதும் போலாம்லா."

புகை போனது. அங்கே புதர்தான் இருந்தது. அவர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு பத்துமலையைப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

மறுவாரம் கொட்டுகிற மழையில் அந்த வழியே போனார். அவர்கள் அங்கேயே நின்றிருந்தார்கள். பானை மூடியபடியே இருந்தது. வண்டியைக் கண்டதும், வீட்டுக்குக் கிளம்புகிறவர்களாய்ப் பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள்.