மீற்றருக்கு வெளிச்சம்

"கார் மீற்றர் பல்ப்பெல்லாம் செத்துப்போச்சு, தம்பி. எல்.ஈ.டி. போடவேணும்," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்ன பரமலிங்கம், பிறகு குனிந்து சுஹைரின் காதுக்குள், "அப்பிடியே கிலோமீற்றர் நம்பரையும் ஒருக்கால் மாத்திவிடும்," என்றார்.

சுஹைர் திருப்புளியைக் கீழே வைத்தான்.

ஐந்துசந்திப் பக்கம் இருந்த அவனுடைய கார் வயரிங் கடைக்கு ஒரே சொத்து நல்ல பெயர்தான். புத்தளத்தில் இருபது வருடம் மற்றவர்களின் கராஜில் மாரடித்து, ஊர் திரும்பி, வாப்பாவின் பழைய இடத்திலேயே திறந்த கடை. மீற்றரைத் திருப்பிக் கார் விற்ற இரண்டு பேரைப் போன மாதம்தான் பொலிஸ் பிடித்தது. அதில் ஒருவன் இவனைப் போலவே வயரிங்காரன். இப்போது கடைக்குப் பதிலாகக் நீதிமன்றப் படி ஏறி இறங்குகிறான்.

"அந்த வேலை நான் செய்யிறேல்லை, அண்ணை."

"லப்டொப்பைப் பொருத்தினால் அஞ்சு நிமிஷ வேலையாம். நாளைக்குக் காலமை ஆள் வந்து நம்பரைப் பாக்கும்."

"ஆர், காரை வாங்கிற ஆளோ?"

பரமலிங்கம் தெருவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "பொல்லாத ஆள். ரெண்டு வருசத்துக்கு முந்தின நம்பரைப் பஞ்சாங்கத்திலை குறிச்சு வைச்சிருக்கு. பல்ப் எரியேல்லை, நம்பர் தெரியேல்லையெண்டு இவ்வளவு நாளும் கடத்திப்போட்டன். இப்ப எல்.ஈ.டி. போட்டுக்கொண்டு வாங்கோ எண்டு ஒரே பிடி."

சுஹைருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையத் தம்பி, வேலை மட்டும் களவு வேலை. பல்ப்பை மட்டும் மாற்றி ஆளை அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்தான்.

மீற்றரைக் கழற்றியபோது அவனுடைய கையெல்லாம் திருநீறாகிவிட்டது. இடுக்கில் சந்தனம், வாடிய பூ, திருநீறு அப்பிய ஒரு சின்ன அட்டை. எல்லாவற்றையும் வழித்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, கரிந்துபோன பல்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எல்.ஈ.டி.யைச் செருகினான். மனம் கேட்கவில்லை.

"அண்ணை, குறைச்சுக் காட்டி விக்கிறது களவு. எனக்கு அந்த ஹராம் வேண்டாம்."

"ஆர் காணும் குறைக்கச் சொன்னது?" பரமலிங்கத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "நாலாயிரம் கூட்டும்."

பிறகு மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். வருகிற ஆள் வேறு யாருமில்லை, அவருடைய மனைவி பராசக்தி. மகள் சிவகௌரிக்குக் கலியாணம் பொருந்தினால், நூறு வெள்ளிக்கிழமை அவர் கீரிமலைக் கோயிலுக்குப் போய்க் கும்பிடுவதாக அவள் நேர்ந்துவிட்டாள். நேர்ந்தவளுக்குக் காரில் ஏறினால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். ஆகவே இவர் தனியாகத்தான் போக வேண்டும். போக வர நாற்பது கிலோமீற்றர். கார் வெள்ளிக்கு மட்டும், மற்ற நாளெல்லாம் ஸ்கூட்டர். கலியாணம் பொருந்தி, நூறு வெள்ளியும் முடிந்துவிட்டது. இனி ஓடிய ஒவ்வொரு நூறு கிலோமீற்றருக்கும் ஒரு சிதறுதேங்காய் அடிக்க வேண்டும். அதற்குத்தான் அவளுக்கு நம்பர்.

"அப்ப நீங்கள் கீரிமலைக்குப் போகேல்லையோ?"

"ஒரு வெள்ளியும் போகேல்லை." பரமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கடை கொழும்புத்துறையிலையே, செபநாயகம் வீட்டு விறாந்தையிலை சீட்டுக்கட்டோடை முன்னூற்றிநாலு விளையாடினனாங்கள். காட்ஸிலை குந்தினால் பின்னேரம் மட்டும் எழும்பமாட்டன். செபநாயகம் விளையாடமாட்டான், பாவம். சாவியை வாங்கிக் காரை நிழலிலை கொண்டுபோய் விடுவான். நல்ல மனிசன்."

"அப்ப இந்தத் திருநீறு?"

"அது எப்பவும் காருக்குள்ளை கிடக்கும். பராசக்தி தூவிறவள் போலை. அதையே வழிச்சுப் பூசிக்கொண்டு வீட்டை போவன். கார்தான் சரியில்லைத் தம்பி, நிண்ட இடத்திலையே பெற்றோல் குடிக்குது."

சுஹைர் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பரமலிங்கம் சிரிக்கிற நிலையில் இல்லை.

"நேர்த்தி பொய்யெண்டு தெரிஞ்சால் அவள் கலியாணத்தையே நிப்பாட்டிப்போடுவாள். பிள்ளை என்ன பிழை செய்தவள்?"

அவருடைய கண் கலங்கியதைக் கண்டதும் சுஹைரும் இளகிவிட்டான். குறைக்கிறவனைப் பிடிக்கத்தான் பொலிஸ் இருக்கிறது. கூட்டுகிறவனைப் பிடித்து என்ன வழக்கு எழுதுவார்கள்?

"பஞ்சாங்கத்திலை என்ன நம்பர் கிடக்கு?"

"தொண்ணூற்றீராயிரம்."

"சரி, இப்ப எத்தினையிலை நிக்குதெண்டு பாப்பம்."

மீற்றரைப் பொருத்திச் சாவியைத் திருப்பினான். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம் வந்தது. கிலோமீற்றர் தெரியும் சின்னக் கண்ணாடி மட்டும் இருண்டு கிடந்தது. எல்.ஈ.டி.யைத் தலைமாறிச் செருகினால் எரியாது. கழற்றித் திருப்பிச் செருகினான். நம்பர் தெரிந்தது.

96,112.

பரமலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நம்பர் மாறவில்லை.

"நீர் இன்னும் லப்டொப்பைத் தொடேல்லைத்தானே?" என்று மெல்லக் கேட்டார்.

சுஹைர் ஒரு பக்கம் வைத்திருந்த அட்டையை எடுத்து, திருநீற்றை ஊதிவிட்டு, சத்தமாக வாசித்தான்:

"வெள்ளிதோறும் கீரிமலை யாத்திரை. சொந்தக் கார், நாலு பேர் போகலாம். தொடர்புக்குச் செபநாயகம், கொழும்புத்துறை."

பரமலிங்கம் ஒரு நாளும் போகாத கீரிமலைக்கு, அவருடைய கார் நூறு வெள்ளியும் தவறாமல் போய் வந்திருந்தது.