மாடியிலிருந்து இரண்டு ஒயர்

"பெட்டியில ஒரு குறையும் இல்லம்மா. ஒரே ஆன்டெனாவுல ரெண்டு டிவி ஓடுது. படம் உடையாம என்ன செய்யும்?"

டிவி மெக்கானிக் முற்றத்தில் நின்றபடி மொட்டைமாடியைக் காட்டினார். கம்பத்தின் உச்சியில் மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனா. அதிலிருந்து இரண்டு ஒயர்கள் இறங்கின. ஒன்று வீட்டுக்காரம்மாவின் ஜன்னலுக்குள் வந்தது. இன்னொன்று மாடி அறைக்குள் போனது. அங்கே வாடகைக்கு இருப்பவள் தையல்காரி.

"அப்படியா சேதி! திருட்டுத்தனமா கொக்கி போட்டிருக்காளா?"

"நான் பெட்டி ரிப்பேர் பாக்கிறவன்மா. மாடிச் சண்டை எனக்கு வேணாம்." மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

வீட்டுக்காரம்மா விடுவிடுவென்று உள்ளே வந்தாள். கூடத்தில் இருந்த பழைய டப்பா டிவியில் பாட்டுக்காரியின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, வாய் ஓரிடத்திலும் மூக்கு வேறிடத்திலும் நின்றது.

டிவி பழசுதான். ஆனால் போன மாதம் கணவர் ஒரு டிஜிட்டல் பெட்டி வாங்கி வந்து, "இனிமே சந்தாவே வேணாம். காத்துல வர்ற சேனல் எல்லாம் இலவசம்" என்று சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று மத்தியானம் அவள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு மாட்டினா?"

"நான்தான். மாடியேறி நானே மாட்டினேன்."

ஸ்டூலில் ஏறிப் பல்பு மாட்டச் சொன்னாலே வியர்த்துப் போகிற மனிதர்! அவள் அப்போதே தங்கைக்குப் போன் போட்டாள். "உன் வீட்டுக்காரர் மட்டும்தான் எல்லா வேலையும் செய்வாரா? என் வீட்டுக்காரரும் செய்வாருடி!" தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லியாயிற்று. அந்தப் பெருமையில் போய் ஒருத்தி பங்கு போடுவதா?

கணவர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"ஏங்க, ஊரார் தப்பையெல்லாம் பேனாவால சுழிக்கத் தெரியுது. நம்ம தலைக்கு மேல நடக்கறது தெரியலையா? அந்தத் தையல்காரி நம்ம ஆன்டெனாவுல ஒயர் போட்டிருக்கா."

கணவரின் முகம் வெளுத்தது. "யாரு சொன்னா?"

"மெக்கானிக்."

"காத்துல வர்றதுதானே? அவளும் பார்த்துட்டுப் போகட்டும் விடு."

"அவளுக்கு என்ன இவ்வளவு வக்காலத்து?"

"வக்காலத்தெல்லாம் இல்ல. பாவம், தனியா இருக்கிறவ."

அந்தப் 'பாவம்' அவள் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. பெட்டி மாட்டிய மறுநாள் காலையில் கண்ட காட்சி இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. கைப்பிடி இல்லாத அந்த மாடிப்படியின் அடியில் இவர். மேல்படியில் தையல்காரி. கதவுக்குப் பின்னால் நின்ற மனைவியின் காதில் பாதிதான் விழுந்தது.

"என் சம்சாரத்துக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா."

"நான் ஏன் சார் சொல்லப் போறேன்?" என்று அவள் சிரித்திருந்தாள்.

சட்டைக்குப் பட்டன் தைக்கக் கொடுத்த பேச்சாக இருக்கும் என்று வீட்டுக்காரம்மா அப்போது விட்டுவிட்டாள். பட்டனுக்கு யாராவது ரகசியம் பேசுவார்களா? வாயடைக்கத்தான் ஆன்டெனாவில் பங்கு கொடுத்திருக்கிறாரா?

வாசலுக்கு வந்து மாடியைப் பார்த்துக் கத்தினாள். "இந்தாம்மா, கொஞ்சம் கீழ வா!"

தையல் மிஷின் சத்தம் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரி இறங்கி வந்தாள்.

"என்னக்கா?"

"அக்காவா? அந்த உறவெல்லாம் வேணாம். யாரைக் கேட்டு ஆன்டெனாவுல ஒயர் போட்டே?"

தையல்காரி திகைத்துப்போய் வீட்டுக்காரம்மாவின் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை? என்னைப் பார்த்துப் பதில் சொல்லு!"

"நான் என்னத்தைக்கா சொல்றது..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். உன்னோடதைக் கழட்டு. அப்படியே வேற வீடும் பாத்துக்கோ."

"விடு, பேசிக்கலாம்..." என்றார் கணவர் ஈனஸ்வரத்தில்.

"நீங்க ரெண்டு பேரும் பேசினது போதும்!"

தையல்காரியின் கண் கலங்கியது. அவள் இன்னொரு முறை அவரைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"சரிக்கா. என்னோடதைக் கழட்டிக்கறேன்." அவள் படியேறிப் போனாள்.

வீட்டுக்காரம்மா டிவிக்கு எதிரே ஜம்மென்று உட்கார்ந்தாள். "இப்பப் பாருங்க, படம் எப்படி அசையாம நிக்குதுன்னு."

மேலே ஸ்பேனர் உரசும் சத்தம். பாட்டுக்காரியின் முகம் கடைசியாக ஒரு முறை சிதறியது. பிறகு திரை கறுத்து, நடுவில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

"என்னங்க இது? அவ எதைக் கழட்டினா?"

கணவர் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. தையல்காரி நின்றிருந்தாள். தோளில் முழு ஆன்டெனா. கையில் ஓர் ஒயரின் முனை.

"நான் குடிவந்தப்போ வாங்கிக் கட்டின ஆன்டெனாக்கா, கழட்டிட்டேன்" என்று ஒயரை நீட்டினாள். "சார் மூணாவது படிக்கு மேல ஏற முடியாம, அங்கயே நின்னு என்கிட்ட நீட்டினது இது. இது மட்டும்தான் உங்களது."