மூன்று நாள் லீவு

"மேடம், இன்னைக்கு வர முடியாது. இன்னும் ரெண்டு நாளைக்கும் முடியாது."

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா காலை ஏழரை மணிக்கு இப்படிப் போன் செய்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"இப்ப சொன்னா நான் என்ன செய்வேன் அக்கா? பத்து மணிக்கு மீட்டிங். உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல மேடம். மன்னிச்சுக்குங்க." ஆயா போனை வைத்துவிட்டாள்.

"இடம் கொடுத்தது தப்பாப் போச்சு," என்று குழந்தையின் அம்மா கணவனிடம் பொரிந்தாள்.

"நீயும்தானே சாயங்காலம் ஆறு மணிக்கு மெசேஜ் போடுறே, 'எட்டரை ஆகும், இருங்க'ன்னு? ஒரு நாளாவது முடியாதுன்னாங்களா?"

"அது வேற. என் வேலை அப்படி."

லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். ஒன்றேகால் வயதுப் பாப்பா அவளை விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தது. ஊட்டினால் துப்பியது. தூங்க வைத்தால் வாசல் கதவைப் பார்த்து அழுதது.

அவள் ஒரு மாதம் உழைத்துத் தயாரித்ததை மீட்டிங்கில் வேறொருவர் பேசிக் கைதட்டல் வாங்கினாராம். மறுநாள் காலை அது காதுக்கு வந்தது. அந்த எரிச்சலில் ஆயாவுக்குப் போன் போட்டாள்.

"இனிமே வர வேண்டாம். வேற ஆள் பார்த்தாச்சு. வீட்டுச் சாவியை மட்டும் கொடுத்துடுங்க."

"நாளைக்குச் சாயங்காலம் கொண்டுவரேன் மேடம். பாப்பா ஏதாவது பேசினாளா?"

"எங்கே பேசுறது? அழுதுக்கிட்டே இருக்கா."

மூன்றாம் நாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவளின் சட்டையைப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை இழுத்தது.

"ம்மா. அம்மா."

துணியைப் போட்டுவிட்டு வாரி அணைத்துக்கொண்டாள். உடனே கணவனுக்குப் போன் போட்டாள். "முதல் வார்த்தையே அம்மாங்க. அந்த ஆயா வராததும் நல்லதாப் போச்சு."

சாயங்காலம் ஆயா சாவியோடு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"பாப்பா அம்மான்னு சொல்லிட்டா," என்றாள் இவள், கொஞ்சம் குத்தலாகவே.

ஆயாவின் முகம் மலர்ந்தது. "உங்களைப் பார்த்தா சொன்னா மேடம்?"

"இதென்ன கேள்வி?"

அதற்குள் உள்ளேயிருந்து தத்தித் தத்தி ஓடிவந்த பாப்பா, பெற்றவளைத் தாண்டிப் போய் ஆயாவின் காலைக் கட்டிக்கொண்டது.

"அம்மா. அம்மா."

ஆயா குனிந்தாள். தூக்கவில்லை. சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"போன வாரம் என்னை இப்படிக் கூப்பிட ஆரம்பிச்சா மேடம். எவ்வளவு திருத்தியும் கேக்கல. மூணு நாள் நீங்களே கூட இருந்தா சரியாயிடும்னு பார்த்தேன்."

வாங்கிய சாவியை அவள் திரும்ப நீட்டினாள். "நாளைக்கு வாங்க அக்கா."

ஆயா பாப்பாவை மெல்ல அவள் பக்கம் திருப்பிவிட்டாள்.

"வேணாம் மேடம். இப்பதான் உங்களைக் கூப்பிட்டிருக்கா."